‘கரண்ட எடுத்துட்டான்’: ஒரு தோன்றா எழுவாயைத் தேடி

தமிழர் வாயில் புழங்கும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் ‘கரண்ட்’ அளவுக்குத் தெருவில் கூவப்பட்டது வேறில்லை. ஆராய்ச்சியாளர் கண்ணில் படாமல் அத்தனை காலம் தப்பித்ததும் வேறில்லை. காபிக்குக் குளம்பி, பேக்கரிக்கு அடுமனை என்று இரவு பகலாக உழைத்த அறிஞர் பெருமக்கள், கரண்ட்டுக்கு ‘மின்சாரம்’ என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததாக நகர்ந்துவிட்டார்கள். கொடுத்ததை மக்கள் மறுக்கவும் இல்லை. பத்திரிகையில் படிக்கிறார்கள், விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். ஆனால் விளக்கு அணைந்த நொடியில் ‘ஐயோ, மின்சாரம் சென்றுவிட்டது’ என்று கத்திய வீடு ஒன்றும் இதுவரை பதிவாகவில்லை.

கரண்ட் எப்படி உண்டாகிறது, எந்தக் கம்பி வழியாக வருகிறது என்பவை பொறியாளர்களின் துறை. அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். கரண்ட் நின்ற கணத்தில் தமிழ்நாட்டு இருட்டில் எழும் ‘எடுத்துட்டான்’ என்ற வினைமுற்றுக்கு எழுவாய் யார் என்பது மட்டும் இலக்கணத்தின் துறை. அந்த வினா தீண்டப்படாமல் கிடக்கிறது. இக்கட்டுரை அதைத் தீண்டுகிறது. ரப்பர் செருப்பு அணிந்துகொண்டு.

எல்லையை முதலில் வரையறுப்போம். போட்டித் தேர்வர்கள் விடிய விடிய மனப்பாடம் செய்யும் ‘கரண்ட் அஃபேர்ஸ்’, ரயில்வேயில் சார்ட் தயாரான பிறகு கிடைக்கும் ‘கரண்ட் புக்கிங்’, வங்கியின் ‘கரண்ட் அக்கவுண்ட்’ ஆகிய மூன்றும் இங்கே விலக்கப்படுகின்றன. தொட்டால் அடிக்காதது கரண்ட் ஆகாது என்பது நம் அளவுகோல். கரண்ட் அக்கவுண்ட்டைப் பொறுத்தவரை சிறுவணிகர்கள் இதில் மாறுபடக்கூடும்.

சொல் வந்த வழி

லத்தீனில் ஓடுவதைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. உடன்பிறப்புகள் பலர்: கை மாறி ஓடும் கரன்சி, கடிதத்தோடு ஓடும் கொரியர், ஓடுவதற்கென்று அமைந்த காரிடார், கணினித் திரையில் ஓடும் கர்சர், பள்ளிப் பிள்ளைகள் ஊரை விட்டு ஓடிப்போய்வரும் எக்ஸ்கர்ஷன். கேக்கில் போடும் சிறு உலர்திராட்சைக்கும் ஆங்கிலத்தில் இதே ஒலிப்புதான். ஆனால் அது கிரேக்கத்துக் கொரிந்து நகரின் பெயரிலிருந்து வந்தது. ஒரே இனிஷியல் என்பதற்காக உறவு கொண்டாட முடியாது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சொத்து அதிகம். ஆற்றிலும் கடலிலும் காற்றிலும் அதற்குப் பங்குண்டு. தமிழுக்கு வரும்போது அந்த ஆஸ்திகளையெல்லாம் துறந்து, உடுத்திய செம்புக் கம்பியோடு வந்து சேர்ந்தது. ‘ஆத்துல கரண்ட் ஜாஸ்தி’ என்று எவராவது சொன்னால், கேட்பவர் வேகமான வெள்ளம் என்று எண்ணமாட்டார்; எங்கோ கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறது என்று கரையேறிவிடுவார்.

வல்லின மெய்யில் முடியும் சொல்லைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. எனவே மக்கள் அதன் வாலில் ஓர் உகரம் ஒட்டிக் ‘கரண்டு’ ஆக்கினார்கள். நண்டு, வண்டு வரிசையில் சுத்தமான மென்தொடர்க் குற்றியலுகரம். ஐ உருபு வந்ததும் உகரம் மரியாதையாக விலகிக் ‘கரண்டை’ என்றாகி, பேச்சில் ‘கரண்ட’ எனத் தேய்கிறது. நகரத்தார் சொல்லும் ‘கரண்ட்’ தற்சமம், கிராமத்தார் சொல்லும் ‘கரண்டு’ தற்பவம் என்று இலக்கணிகள் பிரிக்கலாம். நன்னூலை ஒரு பக்கமும் புரட்டாதவர்கள் குற்றியலுகரப் புணர்ச்சியைப் பிழையில்லாமல் நடத்திவிட, படித்தவர்கள் ‘ட்’டில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஓடாத ஓட்டம்

நமது முதல் கண்டுபிடிப்பு இங்கேதான் நிகழ்கிறது. வேரிலேயே ஓட்டத்தை வைத்திருக்கும் இந்தச் சொல், தமிழ்நாட்டு வீடுகளில் ஓடுவதே இல்லை. கரண்ட் வரும். போகும். இருக்கும். அடிக்கும். இழுக்கும். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் லீக் ஆகும். ஓடாது. ஓடுவது ஃபேன், மோட்டார், டிவி, எல்லாவற்றையும் விட வேகமாக மீட்டர்.

இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவோர் இயற்பியலைச் சற்றே கவனிக்க வேண்டும். நம் வீட்டுக்கு வருவது நொடிக்கு 100 முறை திசை மாறும் மாறுமின்னோட்டம். செம்புக் கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான் முன்னே ஒரு துளி, பின்னே ஒரு துளி என்று நின்ற இடத்திலேயே அசைகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் ஒரு ஆம்பியர் செல்கிறது என்றால், அந்த அசைவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பைக்காரா நீர்மின் நிலையத்தில் புறப்பட்ட எலக்ட்ரான் கோயம்புத்தூர் மில்லுக்கு வந்து சேர்வதாக நினைப்பது பிரமை. அது பைக்காராவை விட்டு நகரவே இல்லை. வந்து சேர்வது ஆற்றல் மட்டும். ஆகவே ‘கரண்ட் ஓடுது’ என்று சொல்லாத தமிழன் லத்தீன்காரனைவிட நுட்பமான இயற்பியலாளன் என்று நிறுவப்பட்டது. இப்படி நிறுவுவதற்கென்றே நம்மிடம் ஒரு மரபு உண்டு. அதை நாம் கைவிடவில்லை.

திசைக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதென்று நினைத்து வெட்கப்படத் தேவையில்லை. மின்சாரத்தில் எது மிகை, எது குறை என்று 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் ஒரு வழக்கத்தை வகுத்தார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது, அது அந்த வழக்கப்படிக் குறை மின்னூட்டம் உடையதாகப் போயிற்று. எலக்ட்ரான் போகும் திசைக்கு எதிர்த்திசையில்தான் கரண்ட் போவதாக இன்றும் பாடப்புத்தகங்கள் அம்புக்குறி போடுகின்றன. அம்புக்குறிகளைத் திருப்பிப் போட யாருக்கும் மனமில்லை. வந்ததா போனதா என்று உலகத்து விஞ்ஞானமே ஒன்றேகால் நூற்றாண்டாகச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது, நம் தெருவை மட்டும் குறை சொல்வது தகாது.

‘இழுத்துருச்சு’, ‘பிடிச்சுக்கிச்சு’ என்ற வினைகளையும் இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். கையில் பாயும் கரண்ட் சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகிக்கொள்ளும். கம்பியை விட நினைத்தாலும் விரல்கள் விடாது. உண்மையில் பிடித்துக்கொள்வது மனிதனின் கைதான், கரண்ட் அல்ல. ஆனாலும் பழியைக் கரண்ட்டின் மேல் போடுகிறோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்தினால் உயிர் பிழைக்கும். அது அடிக்கடி ‘ட்ரிப்’ ஆகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொல்லும் குடும்பத்தார் இந்த ஆராய்ச்சியின் எல்லைக்குள் வரமாட்டார்கள். எந்த எல்லைக்குள்ளும் அதிக நாள் இருக்கமாட்டார்கள்.

பாகப்பிரிவினை

ஒரே பொருளுக்குத் தமிழில் ஆறேழு பெயர்கள் இருந்தும் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது. கரண்ட் கம்பி உண்டு, பவர் கம்பி இல்லை. பவர் கட் உண்டு; பவர் வந்துருச்சு என்று எவரும் குதூகலிப்பதில்லை. ரயில் மட்டும் எலக்ட்ரிக். ஸ்கூட்டர் பேட்டரி வண்டி. மாவு அரைப்பது கரண்ட்டில். அடுப்பில் கரண்ட் வந்தால் கரண்ட் அடுப்பு. பில்லைக் கட்டுவது ஈபியில். 1957 ஜூலை 1 அன்று தோன்றிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் உற்பத்தி-பகிர்மானக் கழகம், தொடரமைப்புக் கழகம் என்று பிரிந்து, 2024இல் மறுபடியும் பிரிந்தது. பெயர்ப்பலகை எழுதுபவர் தவிர வேறு எவரும் அதை உணரவில்லை. எத்தனை கழகமாகப் பிரிந்தாலும் மக்களுக்கு அது ஈபிதான்.

‘மின்தடை’ என்னும் சொல்லின் நிலைதான் பரிதாபம். நாளிதழில் அது கரண்ட் இல்லாத நேரம்: நாளை காலை 9 மணி முதல் கீழ்க்கண்ட பகுதிகளில் மின்தடை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அதே சொல் கரண்ட்டின் போக்கை எதிர்க்கும் பண்பு. அதன் அலகு ஓம். ஆக, மாணவன் ஒருவன் ‘மின்தடையின் அலகு ஓம்’ என்று உரக்கப் படித்தால், பக்கத்து அறையில் வியர்வையோடு புரளும் தாத்தா அதை ஓர் ஆன்மிகத் தீர்வாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பிரணவத்தைச் சொல்லிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அந்நேரத்தில் வேறு வழியும் இல்லை.

வயற்காட்டுக் கரண்ட்

நகரத்தான் கரண்ட்டைப் பொருட்பெயராக மட்டுமே அறிவான். அதன் முழு இலக்கணத்தையும் அறிந்தவர் பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயி. ‘இந்த வாரம் நமக்குப் பகல் கரண்ட், அடுத்த வாரம் நைட் கரண்ட்’ என்று அவர் சொல்லும்போது அது காலப்பெயராகிவிடுகிறது. மோட்டார் ஓட மூன்று பேஸ் வேண்டும். மும்முனை மின்சாரம் என்பது அரசாணை மொழி. வரப்பில் அது த்ரீ பேஸ். வீட்டு விளக்குக்கு ஒரு பேஸ் போதும். ஆகவே வீட்டில் கரண்ட் இருக்கும், தோட்டத்தில் இருக்காது. மனைவி ‘கரண்ட் இருக்கு’ என்பார், கணவர் ‘கரண்ட் இல்ல’ என்பார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இருக்கிறது, இல்லை என்ற இரண்டும் ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் பொருந்தும் இந்த நிலையைச் சமணத் தருக்கவாதிகள் எவ்வளவோ பாடுபட்டு விளக்கினார்கள். கொங்கு நாட்டில் அது தினசரி நடக்கிறது.

நைட் கரண்ட் வாரங்களில் டார்ச் லைட்டும் தடியுமாக வரப்பில் நடந்துபோய் ஸ்டார்ட்டரை அமுக்கிய தலைமுறை ஒன்று உண்டு. பாம்புக்கும் அதே வரப்பு, அதே நேரம். பிறகு ஆட்டோ சுவிட்ச் வந்தது. கரண்ட் வந்த விநாடியே மோட்டார் தானாக எழுந்துகொள்ளும். ஊரில் எல்லாரும் ஆட்டோவில் போட்டிருப்பதால் அத்தனை மோட்டாரும் ஒரே விநாடியில் எழ, வோல்டேஜ் படுத்துவிடும். மூன்றில் ஒரு பேஸ் போனால் மிச்சம் இரண்டை வைத்துக் கப்பாசிட்டர் போட்டு ஓட்டும் கைப்பாடமும் அவர்களிடம் இருக்கிறது. அதைக் காயில் எரிந்து மோட்டார் கடைக்காரர் வாழும் கலை என்றும் சொல்லலாம். இப்போது செல்ஃபோன் ஸ்டார்ட்டர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி மோட்டாருக்கு ஒரு கால் போடுகிறார்கள். 1990 முதல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். கால் போட ரீசார்ஜ் செய்ய வேண்டும்.

மழையும் காற்றும் இங்கே இன்னொரு புதிர் போடுகின்றன. மழை பெய்தால் கரண்ட் போகும். ஆனால் மழை பெய்தால்தான் 1932 முதல் பைக்காராவிலும், பின்னால் மேட்டூரிலும் குந்தாவிலும் கரண்ட் வரும். காற்றடித்தால் கம்பி உரசிக் கரண்ட் போகும். ஆடிக் காற்று அடித்தால்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலை சுற்றிக் கரண்ட் வரும். ஒரே காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் கொடுத்துவிட்டு நம் தெருமுனையில் பிடுங்கிக்கொள்கிறது.

எட்டிப்பார்த்தல் என்னும் கள ஆய்வு முறை

விளக்கு அணைந்ததும் தமிழ்க் குடும்பம் மேற்கொள்ளும் முதல் ஆய்வு, ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டைப் பார்ப்பது. இரண்டாவது, வாய்மொழி உறுதிப்பாடு.

“அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?”

“இல்லம்மா, தெருவுக்கே போச்சு.”

“அப்பாடா.”

இந்த ‘அப்பாடா’வை அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டும். எல்லாருக்கும் போயிருந்தால் அது இயற்கை. நமக்கு மட்டும் போயிருந்தால் அது பீஸ் போனது. ஸ்டூல் தேட வேண்டும், எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும், அதற்கும் முன்னால் டெஸ்டரை யார் எடுத்தது என்று வீட்டுக்குள் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு குலைந்து 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் இருண்டன. தென் மின்தொகுப்பு அப்போது அதனுடன் ஒத்திசைவாக இணைக்கப்படாததால் நமக்கு அது எட்டவில்லை. அந்த ஆண்டில் நம்மிடம் நம்முடைய சொந்த மின்வெட்டே தாராளமாக இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று இரண்டும் இணைந்தன. அன்று முதல் ‘அக்கா, உங்க வீட்ல இருக்கா’ என்ற வினாவின் எல்லை காஷ்மீர் வரை விரிந்துவிட்டது என்பதை அந்த அக்கா இன்னும் அறியார்.

எழுவாய் விசாரணை

இனி மையப் பிரச்சினை. கரண்ட் போனதற்கு மக்கள் வழங்கும் வாக்கியங்கள் இவை: கரண்ட எடுத்துட்டான். கட் பண்ணிட்டான். நிப்பாட்டிட்டான். காத்திருக்கும்போது: எப்ப விடுவான்னு தெரியல. திரும்பியதும்: கரண்ட் வந்துருச்சு!

கூர்ந்து நோக்குக. போகும்போது கரண்ட் செயப்படுபொருள். ஒருவன் அதை எடுக்கிறான். வரும்போது அதுவே எழுவாயாகித் தன் காலால் நடந்து வருகிறது. எடுத்தவன் உண்டு, கொடுத்தவன் இல்லை. இழப்புக்குக் குற்றவாளி, மீட்சிக்குத் தற்செயல். இவ்வளவு தெளிவாகக் கணக்கு வைத்திருக்கும் இலக்கணம் வேறெந்த மொழியிலாவது உண்டா என்று ஒப்பிலக்கணத்தார் ஆராயலாம்.

அந்த எழுவாய் வாக்கியத்தில் வெளிப்படுவதில்லை. இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்று அழைக்கும். ஆன் விகுதியால் அவன் உயர்திணை, ஆண்பால், ஒருமை, படர்க்கை என்பது மட்டும் தெரிகிறது. போலீஸ் அறிக்கைகள் பலவற்றில் இதைவிடக் குறைவான அடையாளங்களே இருக்கும்.

முதல் சந்தேக நபர் அணில். 2021இல் தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர், கம்பிகளை ஒட்டி வளர்ந்த செடிகொடிகளில் அணில்கள் ஓடுவதால் கம்பிகள் உரசி மின்தடை ஏற்படுவதாக விளக்கினார். நாடே சிரித்தது. சிரித்தவர்கள் அவசரப்பட்டார்கள். அமெரிக்காவில் 1987இலும் 1994இலும் அணில்கள் கம்பியைத் தொட்டு நாஸ்டாக் பங்குச்சந்தையையே நிறுத்தியிருக்கின்றன. பாக் நீரிணையின் மறுகரையில், 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்டபோது, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று அந்நாட்டு எரிசக்தி அமைச்சர் அறிவித்தார். இந்தக் கரையில் அணில், அந்தக் கரையில் குரங்கு. இவ்விரு இனத்தாரும் சேர்ந்து ஒருமுறை இதே நீரிணையில் வேறொரு பணியை வெற்றிகரமாக முடித்தவர்கள். அணிலின் பங்கு வால்மீகியில் இல்லை, தொண்டரடிப்பொடியாழ்வார் பாடியிருக்கிறார். அன்று இரு நாடுகளை இணைத்த ஒப்பந்தக்காரர்கள் இன்று இரு நாடுகளையும் துண்டித்துக்கொண்டிருப்பது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. சம்பளப் பாக்கியா என்று விசாரிக்கலாம்.

எனினும் அணிலையும் குரங்கையும் விடுதலை செய்தாக வேண்டியிருக்கிறது. காரணம் தடயவியல் அல்ல, திணை. இரண்டும் அஃறிணை. அவை செய்திருந்தால் வாக்கியம் ‘கரண்ட எடுத்துருச்சு’ என்று முடிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கூக்குரலும் கேட்கப்படவில்லை.

இரண்டாவது சந்தேக நபர் லைன்மேன். ஆள் உயர்திணை, ஒருமை, பெரும்பாலும் ஆண்பால், விகுதி பொருந்துகிறது. ஆனால் அவர் சைக்கிளோ பைக்கோ தெருமுனையில் திரும்பியவுடன் ‘லைன்மேன் வந்துட்டாரு’ என்று குரல் மாறிவிடுகிறது. ஆன், ஆர் ஆகிவிட்டது. ‘அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கண்ணே’ என்று ஒருவர், டீ வாங்கிவர இன்னொருவர். கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி, இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அவர் இணைப்பைச் சரிசெய்யும்போது கீழே நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கு எரிகிறது. நூறு பேரும் சேர்ந்து எழுப்பும் முழக்கம் ‘வந்துருச்சு!’ அவர் இன்னும் கம்பத்திலிருந்து இறங்கியிருக்கவில்லை. கண்ணெதிரே ஒருவர் கொடுத்தும் கரண்ட் தானாகத்தான் வந்தது. எழுவாயாகும் தகுதி அவருக்கு இருந்தும் அவரை எந்த வாக்கியத்திலும் சேர்க்கவில்லை. எடுத்ததிலும் இல்லை, கொடுத்ததிலும் இல்லை.

மூன்றாவது, உதவிப் பொறியாளர். பல ஊர்களில் அவர் பெண். ‘எடுத்துட்டா’ என்று ஒரு குரலும் எழவில்லை. நான்காவது, அமைச்சர். அவரையும் நேரில் கண்டால் ஆர். மேடையில் கண்டால் ஆர்களுக்கெல்லாம் ஆர். விசாரணையில் கிடைக்கும் பொது முடிவு இது: யாரையெல்லாம் கண்ணால் பார்க்க முடிகிறதோ அவர்களெல்லாம் விகுதி மாறித் தப்பித்துவிடுகிறார்கள். ‘அவன்’ என்றே நிலைத்திருப்பவனை யாரும் பார்த்ததில்லை.

ஆய்வுப் பரப்பைச் சற்றே விரித்தபோது ஒரு திடுக்கிடும் தகவல் கிடைத்தது. கேஸ் விலைய ஏத்திட்டான். நேத்துப் போட்ட ரோட்ட இன்னிக்குத் தோண்டிட்டான். தண்ணி காலைல அஞ்சு மணிக்குத்தான் விடுவான். பாலம் பத்து வருஷமா கட்டிக்கிட்டே இருக்கான். எல்லாவற்றிலும் அதே உயர்திணை, அதே ஆண்பால், அதே ஒருமை. ஒருமை என்பதால் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். இரவெல்லாம் கரண்ட்டை எடுத்துவிட்டு, விடியற்காலை தண்ணீர் திறந்துவிட்டு, வெயிலேறியதும் ரோட்டைத் தோண்டப் போகும் இந்த மனிதனுக்கு ஓவர்டைம் உண்டா, வார விடுமுறை எந்த நாள் என்பவை தெரியவில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதம் அவன் விடுப்பில் போய்விடுகிறான் என்று மட்டும் பல ஊர்களிலிருந்து ஒத்த சாட்சியம் கிடைக்கிறது.

கிளைவழக்கு

யாழ்ப்பாணத்தில் ‘கறண்ட் போட்டுது’ என்பார்கள். போய்விட்டது என்பதன் சுருக்கம். விளக்கைப் ‘போடு’வதற்குப் பழகிய தமிழ்நாட்டுக் காது அதை நேர்மாறாகக் கேட்டுவிட்டு, இருட்டில் நின்றுகொண்டு ‘எங்கே போட்டது?’ என்று விழிக்கும். அங்கே 1990இல் போரில் போனது திரும்ப ஆண்டுகள் ஆயின. ஜாம் போத்தலில் எண்ணெயும் திரியும் வைத்து விளக்கெரித்துப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். சுற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். தோன்றா எழுவாயைப் பற்றி இவ்வளவு நேரம் விளையாட்டாகப் பேச முடிவதே ஒரு வசதிதான் என்பதை இந்தப் பிரிவில் சொல்லாமல் விட முடியாது.

அண்மைக்காலப் போக்குகள்

இன்வெர்ட்டர் வந்த பிறகு எட்டிப்பார்த்தல் முறை நம்பகத்தன்மையை இழந்துவிட்டது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஆனால் கரண்ட் இல்லை. ‘அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?’ என்றால் ‘லைட் எரியுது, ஆனா கரண்டான்னு தெரியலயே’ என்று பதில் வருகிறது. ஃபிரிட்ஜ் முனகவில்லையே என்று காதை வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. அடுக்குமாடிகளில் ஜெனரேட்டர் எழுந்துகொள்ளும் அந்தச் சில விநாடி இருட்டில் பிள்ளைகள் எழுப்பும் குரலும் மாறிவிட்டது: ‘நெட் போச்சு!’ நெட்டை எடுத்தவன் எவனும் இல்லை என்பது கவனத்துக்குரியது. அதற்குக் கம்பெனி உண்டு, பெயர் உண்டு, கட்டணம் உண்டு. பெயர் தெரிந்தவனை நாம் ‘அவன்’ என்பதில்லை.

ஆனால் ஒரு சூழ்நிலையில் மட்டும் கரண்ட்டை எடுத்தவர் யார் என்பது பெயர், பதவி, வந்த நேரம் உட்படச் சந்தேகமின்றித் தெரியும். பில் கட்டும் கெடு தாண்டிவிட்டது. ஊழியர் பட்டப்பகலில் வந்து, மீட்டர் பெட்டியைத் திறந்து, பீஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். எடுத்தல் என்னும் வினை அதன் முழுப்பொருளில், சாட்சிகள் முன்னிலையில் நிகழ்ந்த ஒரே தருணம் அது. அன்று மாலை எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, “என்னம்மா, உங்களுக்கு மட்டும் கரண்ட் இல்லையா?” என்று கேட்கிறார்.

“அது என்னமோ ஃபால்ட்டாம்க்கா. தானா வந்துரும்.”